அந்த ஆறாவது ரிசீவருக்கு ஒரு ஆட்டத்தையாவது விட்டுவையுங்கள்

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். நிர்வாகம், இப்போதைய 17-க்குப் பதில் 18 ஆட்ட சீசன் என்று வாயெடுக்கும்போதெல்லாம் கூடவே இன்னொன்றும் வருகிறது: சீசனுக்கு முந்தைய, கணக்கில் சேராத ப்ரீசீசன் ஆட்டங்களை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்துவிடலாம். ரசிகர்கள் பலருக்கு இதில் சந்தோஷம். "யார் பார்க்கிறார்கள் அதை, ஸ்டார்கள் யாரும் ஆடுவதில்லையே" என்கிறார்கள். எனக்கு இதில் துளியும் சம்மதமில்லை. ஸ்டார்கள் ஆடாததால்தான் அந்த ஆட்டங்களை நான் விடாமல் பார்க்கிறேன். ஐந்தாவது, ஆறாவது வைட் ரிசீவர் (வீசப்படும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) இடத்துக்காக முட்டி மோதும் பையன்களின் பிழைப்பு அங்கேதான் தீர்மானமாகிறது.

ஜூலை கடைசியில் ட்ரெயினிங் கேம்ப் தொடங்கும்போது ஒரு அணியில் 90 பேர். ஆகஸ்ட் கடைசி வாரத்துக்குள் அது 53 ஆக வேண்டும். முன்பெல்லாம் படிப்படியாகக் கழிப்பார்கள். 2023 முதல் ஒரே கெடு. 32 அணிகளையும் சேர்த்துப் பார்த்தால் ஓரிரு நாளில் ஆயிரம் பேருக்கு மேல் பெட்டி கட்டுகிறார்கள். ரிசீவர்கள் மட்டும் ஒரு கேம்ப்பில் பதினொன்று, பன்னிரண்டு பேர் இருப்பார்கள். தங்குவது ஐந்து பேர், மிஞ்சினால் ஆறு. அதிலும் முதல் மூன்று நான்கு இடம் கேம்ப் தொடங்கும் முன்பே முடிவான விஷயம். பெரிய சம்பளம் வாங்குகிறவரையும், கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்டில் முதல் இரண்டு சுற்றில் எடுத்த பையனையும் யாரும் வெளியே அனுப்பப் போவதில்லை. ஆக, மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு இடத்துக்கு ஏழெட்டுப் பேர்.

மற்ற இடங்களுக்கும் போட்டி உண்டுதான். ஆனால் ரிசீவரின் நிலைமை தனி. தடுப்பு வரிசையில் நிற்பவன் எதிரே இருப்பவனை ஜெயித்தால் அது வீடியோவில் அப்படியே தெரியும். ரிசீவர் எவ்வளவு அழகாக ரூட் (குறித்துக்கொடுத்த பாதை) ஓடி, டிஃபெண்டரை நாலு கெஜம் பின்னால் விட்டுவிட்டு வந்தாலும், பந்து வந்தால்தானே? அவனுக்குப் பந்து போடுவது மூன்றாவது குவார்ட்டர்பேக். அந்தக் குவார்ட்டர்பேக்கைக் காப்பது மூன்றாவது வரிசைத் தடுப்பாளர்கள். இரண்டரை விநாடியில் எல்லாம் சரிந்துவிடும். நான்காவது குவார்ட்டர் முழுக்க ஓடிவிட்டு இரண்டே பந்து பார்த்த ரிசீவர்கள் எத்தனையோ பேர். அதில் ஒன்று கைநழுவினால் கதை முடிந்தது.

அதனால்தான் கடைசி ரிசீவர் இடத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது பந்து பிடிப்பதே அல்ல, ஸ்பெஷல் டீம்ஸ், அதாவது பந்தை உதைக்கும் வேளைகளில் இறங்கும் குழு. அணியின் ஆறாவது ரிசீவருக்கு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் பாஸ் வருவது அபூர்வம். ஆனால் பண்ட் (பந்தைத் தொலைவில் உதைத்து எதிரணியிடம் கொடுப்பது) உதைக்கும்போதும், ஆட்டத்தைத் தொடங்கும் கிக்ஆஃபின்போதும், எதிரணி உதைத்த பந்தைத் திருப்பி எடுத்து வரும்போதும் அவன் களத்தில் நிற்க வேண்டும். அந்த வேலை தெரியாதவனுக்கு 53 பேரில் நாற்பத்துச் சொச்சம் பேர் மட்டுமே ஆடும் நாளில் இடம் ஒதுக்க எந்தப் பயிற்சியாளரும் துணியமாட்டார்.

பண்ட் ஆட்டத்தில் கன்னர் என்று ஒருவன் இருப்பான். அடுத்த முறை பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பாருங்கள். பக்கவாட்டுக் கோட்டை ஒட்டித் தனியாக நிற்பான். எதிரே அவனை மறிப்பதற்கென்றே ஒருவன், சில சமயம் இரண்டு பேர். பந்து நகர்ந்ததும் ஒருவனை இடது கையால் தட்டிவிட்டு, இன்னொருவன் தோளுக்கடியில் புகுந்து வெளியே வர வேண்டும். மைதானத்துக்கு வெளியே தள்ளிவிடுவார்கள். உடனே உள்ளே வந்தாக வேண்டும். நாற்பது, ஐம்பது கெஜம் முழு வேகத்தில் ஓடி, பந்துக்காகக் காத்திருக்கும் வேகமான ஆளுக்கு முன்னால் போய்ச் சட்டென்று வேகத்தைக் குறைத்து, அவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் பிடிக்கும்படி கால்களை ஊன்ற வேண்டும். அவன் கை தூக்கி ஃபேர் கேட்ச் (ஓடமாட்டேன், தொடாதீர்கள் என்ற சைகை) கேட்டுவிட்டால் இவ்வளவு ஓட்டமும் புள்ளிவிவரத்தில் எங்கும் வராது. ஆனால் கை தூக்க வைத்ததே இவன்தான். பயிற்சியாளர்கள் அறையில் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது இதைத்தான்.

ஆடம் தீலன் இந்த வழியாகத்தான் வந்தார். மின்னசோட்டா ஸ்டேட் மான்கேட்டோ என்ற இரண்டாம் நிலைக் கல்லூரி. வைக்கிங்ஸ் அணி பல பத்தாண்டுகளாகக் கேம்ப் நடத்திய வளாகமே அதுதான். 2013 டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. வைக்கிங்ஸின் புதுமுகங்களுக்கான முகாமுக்கு வெறும் டிரைஅவுட் (சோதித்துப் பார்க்க அழைக்கப்படும்) ஆளாகப் போய் ஒப்பந்தம் வாங்கினார். முதல் வருடம் முழுக்கப் பிராக்டிஸ் ஸ்குவாட், அதாவது 53 பேருக்கு வெளியே பயிற்சிக்காக வைத்திருக்கும் குழு. 2014-இல் பட்டியலில் இடம் கிடைத்தது ஸ்பெஷல் டீம்ஸ் ஆளாகத்தான். அந்த வருடம் கரோலினா அணிக்கு எதிராகத் தடுக்கப்பட்ட பண்ட் பந்தை எடுத்து எதிரணி எல்லைக்கோடு வரை ஓடி டச்டவுன் போட்டார். அந்த சீசனில் அவர் பிடித்த பாஸ் மொத்தம் எட்டு. 2018-இல் பிடித்தது 113, அதுவும் சீசனின் முதல் எட்டு ஆட்டங்களிலும் 100 கெஜத்துக்குக் குறையாமல். நடுவில் இருந்த அந்த இரண்டு மூன்று வருடம் அவரை அணியில் தக்கவைத்தது கையல்ல, கால்.

மாத்யூ ஸ்லேட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 2008-இல் நியூ இங்கிலாந்து அணி ஐந்தாவது சுற்றில் ரிசீவர் என்று எழுதி எடுத்தது. பதினாறு சீசனில் பிடித்த பாஸ் ஒன்றே ஒன்று. ஆனால் ஸ்பெஷல் டீம்ஸ் ஆளாக, லீக்கின் சிறந்தவர்களுக்கான ப்ரோ போல் தேர்வு பத்து தடவை.

இப்போது என் முக்கியமான காரணத்துக்கு வருகிறேன். ப்ரீசீசன் ஆட்டத்தின் மதிப்பு சொந்தப் பயிற்சியாளரிடம் பேர் வாங்குவது மட்டுமல்ல. அந்த வீடியோவை 32 அணிகளும் பார்க்கின்றன. வெட்டப்படும் இளம் ஆட்டக்காரன் வேவர் பட்டியலுக்குப் போகிறான். அடுத்த இருபத்துநாலு மணி நேரத்தில் வேறு ஏதாவது அணி அவனைக் கேட்டு எடுக்கலாம். எதைப் பார்த்துக் கேட்பார்கள்? பயிற்சி மைதானத்தில் அவன் பிடித்த நூறு பந்தை அவர்கள் பார்த்ததில்லை. இப்போது எல்லோரும் தூக்கிப் பிடிக்கும், இரண்டு அணிகள் சேர்ந்து நடத்தும் கூட்டுப் பயிற்சியும் அப்படித்தான். அது அந்த இரண்டு அணிகளோடு முடிந்துவிடும். அந்த நாளில் பெரும்பங்கு நேரம் முதல் வரிசை ஆட்களுக்குத்தான். அடிமட்டப் பையன் ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பான்.

இதில் இன்னொரு அநியாயமும் நடக்கிறது. சில அணிகள் நல்ல பையனைக் கண்டுபிடித்துவிட்டால் ப்ரீசீசனில் வேண்டுமென்றே அதிகம் ஆடவிடாது. மற்றவர்கள் கண்ணில் படாமல் வேவரைத் தாண்டிவிட்டால், பிராக்டிஸ் ஸ்குவாடில் குறைந்த சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளலாமே. 2025 கணக்கில் 53 பேர் பட்டியலில் இருக்கும் புதுமுகத்தின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 8,40,000 டாலர். பிராக்டிஸ் ஸ்குவாடில் வாரம் 13,000 டாலர். சீசனின் 18 வாரமும் நீடித்தால்கூட 2,34,000. எந்த வாரமும் அனுப்பிவிடலாம். ஆட்டம் குறையக் குறைய இப்படி ஒளித்து வைப்பது சுலபமாகும்.

விக்டர் க்ரூஸை யாராலும் ஒளிக்க முடியவில்லை. 2010 ஆகஸ்ட், ஜயன்ட்ஸுக்கும் ஜெட்ஸுக்கும் ப்ரீசீசன் ஆட்டம். டிராஃப்டில் எடுபடாத பையன். ஒரே ராத்திரியில் ஆறு பாஸ், 145 கெஜம், மூன்று டச்டவுன். நாடே டிவியில் பார்த்தது. அதற்குப் பிறகு அவரை வேவரில் விடும் தைரியம் எந்த மேலாளருக்கு வரும்? அடுத்த சீசனில் 1,536 கெஜம், கையில் சாம்பியன்களுக்கான சூப்பர் போல் மோதிரம். 2022-இல் டாலஸ் அணியின் கவான்டே டர்ப்பின். யு.எஸ்.எஃப்.எல். என்ற வேறொரு லீக்கின் போட்டிகளை முடித்துக்கொண்டு கேம்ப்புக்கு வந்தவர். சார்ஜர்ஸுக்கு எதிரான ப்ரீசீசன் ஆட்டத்தில் ஒரு கிக்ஆஃபையும் ஒரு பண்டையும் திருப்பி ஓடி இரண்டு டச்டவுன். இடம் உறுதி. ஆட்டம் குறைந்தால் இந்த மாதிரி ராத்திரிகளும் குறையும். முன்பு நான்கு ப்ரீசீசன் ஆட்டம் இருந்தது. நான்காவது ஆட்டம் கிட்டத்தட்ட முழுக்க முழுக்க இந்தப் பையன்களுக்கே சொந்தம். 2021-இல் சீசன் 17 ஆட்டமானபோது அது போய்விட்டது. இப்போது மூன்றாவதையும் கேட்கிறார்கள்.

ப்ரீசீசனில் ஆடினால் அடிபடும் என்கிறார்கள். படும்தான், மறுக்கவில்லை. ஆனால் ராம்ஸ் மாதிரி அணிகள் ஸ்டார்களை ப்ரீசீசனில் இறக்குவதே இல்லை. இறங்குகிறவர்கள் இறங்க ஆசைப்படுகிறவர்கள். அவர்கள் பேரைச் சொல்லி அவர்கள் வாய்ப்பையே பிடுங்குவது எந்த ஊர் நியாயம்? கூடவே சீசனில் ஒரு ஆட்டத்தைக் கூட்டினால் அடிபடுவது குறையுமா, கூடுமா? சீசன் டிக்கெட் வைத்திருப்பவர்கள் ப்ரீசீசனுக்கும் முழு விலை கொடுக்க வேண்டியிருக்கிறதே என்று குமுறுவது நியாயமான குமுறல். அதற்கு மருந்து விலையைக் குறைப்பது.

இப்போதைய ஒப்பந்தம் 2030 சீசன் வரை இருக்கிறது. 18-ஆவது ஆட்டம் வேண்டுமென்றால் முதலாளிகள் ஆட்டக்காரர் சங்கத்தின் கதவைத் தட்டித்தான் ஆக வேண்டும். அன்றைக்குச் சங்கம் ஸ்டார்களின் பங்கை மட்டும் பேசிவிட்டு எழுந்துவிடக் கூடாது. மூன்றாவது ப்ரீசீசன் ஆட்டம் இருக்க வேண்டும். முடியாது என்றால் கூட்டுப் பயிற்சி வீடியோ முழுவதும் 32 அணிகளுக்கும் போக வேண்டும், அதில் மூன்றாவது வரிசைக்கென்று தனி நேரம் எழுத்தில் இருக்க வேண்டும். 53 என்பதை 55 ஆக்கட்டும். கூடுதல் ஆட்டத்தில் வரும் பணத்தில் 32 அணிகளுக்குத் தலா இரண்டு குறைந்தபட்சச் சம்பளம் பெரிய செலவே இல்லை. அந்த இரண்டில் ஒன்று பல அணிகளில் ஒரு ரிசீவருக்குத்தான் போகும்.