கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ தூங்குறதுக்குப் போட்டுக் கேக்காதீங்க

நார்வேல பெர்கன்னு மழை ஓயாத ஊரு ஒண்ணு. அந்த ஊர்க்காரங்க ரெண்டு பேரு, எர்லெண்ட் ஓயே, எய்ரிக் கிளாம்பெக் போயே. ரெண்டு அக்கூஸ்டிக் கிட்டார், ரெண்டு குரல், கிங்ஸ் ஆஃப் கன்வீனியன்ஸ் பேண்டு கிட்டத்தட்ட அவ்ளோதான். இவங்க பாட்ட எங்க பாத்தாலும் தூங்குறதுக்கு, படிக்கிறதுக்குன்னு பேர் போட்ட ப்ளேலிஸ்ட்லதான் சொருகி வெச்சிருக்காங்க, எனக்கு நெஜமாவே வருத்தமா இருக்கு. சத்தம் கம்மியா இருந்தா பின்னாடி ஓடிட்டுக் கெடக்கட்டும்னு விட்டுர்றதா?

ஹெட்போன் மாட்டிக்கிட்டு கிட்டார மட்டும் கவனிங்க. எய்ரிக்கோடது நைலான் கம்பி, மெத்துனு விழும், எர்லெண்டோடது ஸ்டீல் கம்பி, கணீர்னு கேக்கும், ஒருத்தர் விட்ட எடத்துல இன்னொருத்தர் விரல் வந்து விழுந்து விழுந்து அப்படியே ஒரு தாளம் கெளம்பும் பாருங்க, அந்தத் தாளத்த ரெண்டு பேர்ல யாருமே தனியா வாசிச்சிருக்க மாட்டாங்க! 2009ல வந்த டிக்ளரேஷன் ஆஃப் டிபென்டன்ஸ் ஆல்பத்துல டிரம்ஸே கெடையாது, ஆனா அதுல இருக்குற மிஸஸ் கோல்ட் பாட்ட கேக்கும்போது கால் தானா தட்டுது. பிரேசில்ல பொறந்த போசா நோவாங்கற மெதுவான கிட்டார் இசைல நல்லா ஊறின கைங்க.

குரலும் அப்படித்தான். பக்கத்துல உக்காந்து பேசுற அளவுக்கு மேல ஏத்தவே மாட்டாங்க. கத்திப் பாடுறதவிட இது கஷ்டம்னுதான் நான் சொல்லுவேன், சுருதி துளி பிசகினாலும் ஒளிஞ்சுக்க எடமே இல்லையே.

2001ல க்வயட் இஸ் த நியூ லவுட் ஆல்பத்துக்கு புரொட்யூசர் கென் நெல்சன், அதுக்கு முந்தின வருஷம் இங்கிலாந்து ராக் பேண்டு கோல்ட்ப்ளேயோட முதல் ஆல்பத்துல வேல பாத்தவரு. கோல்ட்ப்ளே ஸ்டேடியம் ஸ்டேடியமா போயிட்டாங்க, இவங்க அதே ரெண்டு கிட்டாரோட நின்னுட்டாங்க. 2009க்கு அப்புறம் அடுத்த ஆல்பம் பீஸ் ஆர் லவ் 2021லதான் வந்துச்சு, அதுலயும் பெருசா எதையும் மாத்தல. புதுசா ஒண்ணுமில்லயேன்னு கேக்குறவங்களுக்கு நான் சொல்றது, இந்த வாசிப்புல இன்னும் தோண்டுறதுக்கு நெறைய இருக்கு, அவங்க அதத்தான் தோண்டுறாங்க.

புதுசா கேக்குறவங்க 2004 ஆல்பத்துல இருக்குற நோ ஹவ் பாட்டுல ஆரம்பிங்க. கனடா பாடகி ஃபைஸ்ட் அதுல பாடியிருக்காங்க, ஆனா பாட்டு பாதிக்கு மேல போனப்புறம்தான் அவங்க குரல் வரும், அதுவரைக்கும் தயவுசெஞ்சு ஸ்கிப் பண்ணிராதீங்க.