கிரீன்ஸ்டெட் மரத் தேவாலயம்: 845 அல்ல

இங்கிலாந்தின் எசெக்ஸில் உள்ள கிரீன்ஸ்டெட் கிராமத் தேவாலயம் 845ஆம் ஆண்டில் கட்டப்பட்டது என்ற குறிப்போடு ஒரு படம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. படம் அசல்தான், ஆண்டு தவறு.

845 என்பது 1960ஐ ஒட்டிய பழைய கணிப்பு. 1995இல் மரத்தின் ஆண்டு வளையங்களை மீண்டும் ஆராய்ந்ததில், சுவரின் ஓக் மரங்கள் 1063க்கும் 1108க்கும் இடையே வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. தேவாலயத்தின் பெயரோடு தேடினால் இந்த முடிவு இணையத்திலேயே கிடைக்கும். ஆகவே, 9ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அரசரான புனித எட்மண்டின் உடல் 1013இல் ‘இதே சுவர்களுக்குள்’ வைக்கப்பட்டது என்று அந்தக் குறிப்பில் வரும் வரியும் நிற்காது. அங்கே முன்பு வேறொரு கட்டடம் இருந்திருக்கலாம், அது தனிக் கதை.

பிளந்த மரங்களின் வளைந்த முதுகு வெளியே, செதுக்கிய தட்டைப் பக்கம் உள்ளே. பார்க்க அருமையான வேலை. அடியிலுள்ள செங்கல் வரிசை மட்டும் 19ஆம் நூற்றாண்டுப் பழுதுபார்ப்பு. வாசலருகே உள்ள கல்லறை சிலுவைப்போர் வீரருடையது என்பது ஊர்வழக்கு, அவ்வளவே.

படத்தைத் தாராளமாகப் பகிருங்கள். அந்தக் குறிப்போடு மட்டும் அனுப்ப வேண்டாம்.