சிம்பதீக் பழைய பாட்டு அல்ல
பிங்க் மார்ட்டினி என்ற அமெரிக்க இசைக்குழுவைப் பற்றிய இந்தக் கட்டுரை, அவர்கள் பழைய பாட்டுகளைத் தூசி தட்டித் தருகிறார்கள், அவ்வளவுதான் என்று முடித்துவிடுவது சரியில்லை. அவர்களுக்குப் பெயர் வாங்கித் தந்த 'சிம்பதீக்' 1997இல் வந்த சொந்தப் பாட்டு, பிரெஞ்சு மொழியில். எழுதியவர்கள் குழுவின் பியானோ கலைஞர் தாமஸ் லாடர்டேலும் பாடகி சைனா ஃபோர்ப்ஸும். வேலை செய்ய மனமில்லை என்கிற வரி பிரெஞ்சுக் கவிஞர் அப்போலினேரின் கவிதையிலிருந்து எடுத்தது. நானே அதை 1940களின் பாரிஸ் பாட்டு என்று நம்பி, நண்பனிடம் பந்தயம் கட்டித் தோற்றவன். அப்புறம், 'கே செரா செரா' என்ற பழைய ஆங்கிலப் பாட்டை இவர்கள் பாடிக் கெடுத்துவிட்டார்கள் என்று கட்டுரைக்கு வந்த கருத்துகளில் ஒருவர் எழுதியிருக்கிறார். 'ஆரவல்லி'யில் (1957) 'சின்னப் பெண்ணான போதிலே' என்று நாம் கேட்ட அதே மெட்டுதான். இவர்கள் வேகத்தைக் குறைத்ததும், நாளை நடப்பது தெரியாது என்கிற இடத்தில் லேசாக ஒரு பயம் எட்டிப் பார்க்கிறது. எனக்கு அதுதான் பிடித்தது.