அமைச்சரை ஏசுவது லேசு

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத் திருத்தம் பற்றி இலங்கைப் பாராளுமன்றத்தில் பேச்சு எழும்போதெல்லாம் நீதியமைச்சருக்கு ஏச்சு விழும். ஏன் இழுத்தடிக்கிறீர்கள் என்று ஒரு பக்கம், ஷரீஆவில் கை வைக்காதீர்கள் என்று இன்னொரு பக்கம். அம்பாறை மாவட்டத்துக் கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று வாட்ஸ்அப் குழுக்களில் அந்த வீடியோ சுற்றும். "நம்மட எம்.பி. வெளுத்து வாங்கிட்டார்" என்று கீழே நாலு பேர் எழுதுவார்கள். அமைச்சர்மார் மேல் எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தக் கைதட்டலில் சேர மனம் வரவில்லை.

1951ஆம் ஆண்டுச் சட்டம் இது. திருத்துவதற்கு நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் 2009இல் குழு போட்டார்கள். அறிக்கை 2018இல்தான் வந்தது, அதுவும் உறுப்பினர்கள் இரண்டாகப் பிரிந்து. பிறகு தலதா அத்துகோரள, அலி சப்ரி, விஜயதாச ராஜபக்ஷ, ஹர்ஷன நாணயக்கார என்று அமைச்சர்கள் மாறியதுதான் மிச்சம்.

புதிதாக வரும் சட்டமூலம் என்றால் உயர் நீதிமன்றம் போகலாம். இதற்கு அந்த வழியும் இல்லை. பழைய சட்டங்கள் அடிப்படை உரிமைகளோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை. 12 வயது நிரம்பாத பிள்ளையையும் காழி (முஸ்லிம் விவாக வழக்குகளை விசாரிக்கும் நீதிபதி) அனுமதித்தால் கட்டிக் கொடுக்கலாம் என்ற 23ஆம் பிரிவை மாற்ற வேண்டியது பாராளுமன்றம்தான். அதாவது, அங்கே எழுந்து நின்று கத்துகிற அதே ஆட்கள்.

அவர்கள் என்ன செய்தார்கள்? 2023இல் முஸ்லிம் எம்.பி.மார் பலர் கையெழுத்திட்டு நீதியமைச்சரிடம் பரிந்துரை கொடுத்தார்கள். பெண்கள் காழியாக வேண்டாம், பலதார மணம் நிபந்தனையோடு இருக்கட்டும் என்று. அமைச்சருக்கு வேறென்ன வேண்டும்? உங்களுக்குள்ளேயே உடன்பாடில்லையே என்று கையை விரித்துவிடலாம்.

காழி நீதிமன்றத்துக்குப் போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். சட்டத்தரணி உள்ளே வாதாட முடியாது. காழி சட்டம் படித்திருக்க வேண்டிய கட்டாயமில்லை, ஆணாக இருந்தால் சரி. தாபரிப்பு (ஜீவனாம்சம்) கேட்டுப் போகிற பெண், வீட்டுக்குள் நடந்த அந்தரங்கத்தையெல்லாம் ஆண்கள் நடுவே சொல்ல வேண்டியிருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒருத்தி சில தவணைகளோடு விட்டுவிட்டாள். "புள்ளைக்குப் பால்மா வாங்குற காசு பஸ்ஸுக்குப் போகுது" என்றாள்.

மகளுக்குச் சீதனமாக வீடே எழுதிக் கொடுக்கிற ஊர்கள் நம்முடையவை. வீட்டு உறுதியில் அவள் பெயர் இருக்கும். நிகாஹ் பதிவில் அவள் கையெழுத்தைச் சட்டம் கேட்பதே இல்லை, வலி, அதாவது வாப்பா போன்ற ஆண் பொறுப்பாளர், ஒப்பமிட்டால் போதும்.

அம்பாறை மாவட்ட எம்.பி.மாரே, தனிநபர் சட்டமூலம் கொண்டுவர உங்களுக்கும் உரிமை இருக்கிறது. திருமண வயது 18, மணமகளின் கையெழுத்து, பெண் காழி. இவற்றில் எதற்குக் கை தூக்குவீர்கள், எதற்குத் தூக்க மாட்டீர்கள் என்று பெயர் போட்டு எழுதித் தாருங்கள். அமைச்சரை அப்புறம் ஏசலாம், நானும் சேர்ந்து ஏசுகிறேன்.