கரண்டி உங்கள் வீட்டிலும் இருக்கிறதுதானே?

தடுப்பூசி போட்ட கை காந்தமாகிவிடும், கரண்டி வைத்தால் ஒட்டும் என்று காட்டுகிற அந்தக் கரண்டி வீடியோவைப் பற்றி எழுதக்கூடாது என்றுதான் இருந்தேன். வெள்ளிக்கிழமை ஊசி போடுகிற நாளில் பள்ளிக்கூடத்தில் நடந்ததும், பிறகு ஊர்க் குழுவில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். திரும்பச் சொல்லி அதற்கு இன்னும் நாலு பார்வையாளர்களைச் சேர்த்துவிட விருப்பமில்லை. ஆனால் நேற்றிரவு, நன்றாகப் படித்த, நான் மதிக்கிற ஒருவர் எனக்கே எழுதுகிறார்: "நெருப்பில்லாமல் புகையுமா தம்பி?"

புகையும் ஐயா. நம்ம பக்கத்தில் நெருப்பே இல்லாமல் புகைந்து, பிறகு அந்தப் புகையே நெருப்பான கதையும் உண்டு. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் கரண்டி. இது 2021இல் உலகம் முழுக்கச் சுற்றிய பழைய கூத்து. அப்போது கொரோனா ஊசி. இப்போது ஆறாம் ஆண்டுப் பெண்பிள்ளைகளுக்குப் போடுகிற, கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி. இலங்கையில் 2017இலிருந்து போடுகிறார்கள். படம் பழசு, பின்னால் ஒலிக்கிற குரல் மட்டும் நம்ம ஊர்க் குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் வெள்ளிக்கிழமை சிலர் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

எனக்கு ஆத்திரம் எங்கே வருகிறது தெரியுமா? எத்தனையோ வதந்திகள் வந்தன. ஊசிக்குள் சிப் என்றார்கள், பிள்ளை பிறக்காது என்றார்கள். அதையெல்லாம் ஒரு சாதாரண மனிதர் எப்படிச் சோதிப்பார்? பயந்தால் பயந்ததுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் காந்தம் ஒட்டுகிறதா இல்லையா என்று பார்க்க டொக்டரும் வேண்டாம், ஆய்வுகூடமும் வேண்டாம். கரண்டி உங்கள் குசினியில் கிடக்கிறது. ஊசி போட்ட கை உங்கள் தோளிலேயே தொங்குகிறது. ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடத்தைச் செலவழிக்காமல், அதே கையால் வீடியோவை அடுத்த குழுவுக்குத் தள்ளிவிட்டீர்கள்.

"ஒட்டிச்சே, நான் என்ட கண்ணால பாத்தன்" என்று ஒருவர் சொல்லியிருந்தார். ஒட்டும். மட்டக்களப்பு வெயிலில் வியர்த்த தோலில் கரண்டி ஒட்டும், சில்லறை ஒட்டும், போன் கவர்கூட ஒட்டும். ஊசி போடாத கையில் வைத்துப் பாருங்கள், நெற்றியில் வைத்துப் பாருங்கள். பிறகு நன்றாகத் துடைத்து, பவுடர் பூசி, திரும்ப வையுங்கள். காந்தத்துக்குப் பவுடர் ஒரு பொருட்டே இல்லை. வியர்வைக்குத்தான் பொருட்டு. மலேசியாவில் லியூ தாவ் லின் என்றொரு முதியவர், கொரோனாவுக்குப் பல வருடங்களுக்கு முன்னமே உடம்பில் இரும்புச் சாமான்களை ஒட்டவைத்துக் காட்டிப் பெயர் வாங்கினார். சோதித்தவர்கள் காந்தம் எதையும் காணவில்லை, தோலின் பிடிமானம் என்றார்கள்.

அமெரிக்காவில் இதைவிடப் பெரிய வேடிக்கை. 2021 ஜூன் மாதம் ஒஹாயோ மாநிலச் சட்டமன்றக் குழுவின் முன்னால், ஊசி போட்டவர்கள் மீது சாவி ஒட்டுகிறது என்று ஷெர்ரி டென்பென்னி என்ற மருத்துவர் வாக்குமூலம் கொடுத்தார். அதே அமர்வில் ஒரு தாதி அதை நிரூபிக்கிறேன் என்று சாவியைக் கழுத்தில் வைத்தார். சாவி நிற்கவில்லை. அவராவது எல்லோர் முன்னாலும் வைத்துப் பார்த்தார். நாம் அதுவும் இல்லை.

"அலுமினியம் இருக்கு என்று அவர்களே ஒத்துக்கொள்கிறார்களே" என்று இணைப்புப் போடப்போகிறவர்களுக்கு: ஓம், சில ஊசிகளில் அலுமினிய உப்பு துளியளவு இருக்கிறது. இந்த ஊசியிலும் இருக்கிறது, நம்மில் பலருக்குப் போட்ட சீனக் கொரோனா ஊசி சினோஃபார்மிலும் இருந்தது. ஃபிரிஜில் ஒட்டியிருக்கிற காந்தத்தைக் கழற்றி உங்கள் அலுமினியச் சட்டியில் வையுங்கள். ஒட்டினால் எனக்குப் படம் அனுப்புங்கள். ஊசியில் உள்ளே போவது அரை மில்லிலீட்டர். உங்கள் இரத்தத்தில் ஏற்கனவே கிராம் கணக்கில் இரும்பு ஓடுகிறது, அதற்கே ஒரு குண்டூசியும் ஒட்டவில்லை. எம்.ஆர்.ஐ. இயந்திரத்தின் காந்தம் பூமியின் காந்தப்புலத்தைவிட முப்பதாயிரம் மடங்கு. ஊசி போட்டவர்கள் அதற்குள் படுத்து எழும்பி வருகிறார்கள்.

"நீங்க மருந்துக் கம்பனியிட ஆளா?" ஓம், அதனால்தான் இன்னும் பழைய மோட்டார் சைக்கிளில் திரிகிறேன்.

சரி, ஒரு கேள்விக்கு மட்டும் நிதானமாகப் பதில் சொல்லவேண்டும். "அரசாங்கம் சொல்வதை எப்படி நம்புவது?" இதைக் கேட்பவர்கள் மீது எனக்குக் கோபமே இல்லை. 2020 நவம்பரில் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சி கொரோனா போவதற்கு என்று மந்திரித்த குடத்தை ஆற்றில் போட்டார். கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்கு மருந்தென்று காய்ச்சிய பாணியைக் குடித்தார், சில வாரங்களில் அவருக்கே தொற்று வந்தது. அதைக்கூடச் சிரித்து மறக்கலாம். கொரோனாவில் இறந்தவர்களை அடக்கம் செய்தால் நிலத்தடி நீர் கெட்டுவிடும் என்று சொல்லி, உலக சுகாதார நிறுவனம் புதைக்கலாம் என்று சொன்ன பிறகும், முஸ்லிம் சனங்களின் உறவுகளை எரித்தார்களே, அதை எப்படி மறப்பது? 2021 மார்ச்சில்தான் நம்ம ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியது. அந்தச் சனம் எதை நம்பும், யாரை நம்பும்? நம்பாமல் இருக்க அவர்களுக்கு முழு உரிமையும் இருக்கிறது. ஆனால் அரசாங்கத்தை நம்பாதவர், யாரோ தெரியாதவன் போட்ட கரண்டி வீடியோவை மட்டும் எப்படி நம்புகிறார்? நானும் அரசாங்கத்தை நம்பச் சொல்லவில்லையே. உங்கள் குசினிக் கரண்டியை நம்புங்கள் என்கிறேன்.

"இவ்வளவு பெரிய விசயமா? பகிடிக்குத்தானே அனுப்பினம்" என்கிறார்கள்.

என் அக்கா குடும்பநல உத்தியோகத்தர். வாவிக்கு மேற்கே படுவான்கரைப் பக்கம் வேலை. மண்டூர்த் துறையில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறி, மடியில் ஐஸ் பெட்டியோடு போய்வந்த பெண். 2021இல் நாங்கள் வீட்டுக்குள் இருந்தபோது அவர் முகக்கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டு வீடு வீடாக நடந்தார். இந்த வாரம் ஒரு படலையில், பிறந்ததிலிருந்து அக்காவே நிறை பார்த்து ஊசி போட்டு வளர்த்த ஒரு பிள்ளையின் தாய், "மிஸ், நீங்களும் போட்டனீங்கதானே, ஒருக்கா பாப்பமே" என்று அக்காவின் கையில் சில்லறையை வைத்துப் பார்த்திருக்கிறார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்களாம். அக்காவும் சிரித்தாராம். வீட்டுக்கு வந்து, "விடு மனே, பகிடிதானே" என்று என்னிடமே சொன்னார். இரவுச் சாப்பாடு மூடினபடியே கிடந்தது.

அம்மா அடிக்கடி ஒன்றைச் சொல்லுவார். தொண்ணூறுகளில் சண்டை நடந்த காலத்திலும், போலியோ சொட்டு மருந்து கொடுக்கிற நாளில் இரண்டு பக்கமும் துவக்கைக் கீழே வைத்தார்கள். 1993க்குப் பிறகு இந்த நாட்டில் போலியோ இல்லை. துவக்கு வைத்திருந்தவர்களே வழிவிட்ட வேலைக்கு இப்போது போன் வைத்திருப்பவர்கள் வழிமறிக்கிறோம்.

இனி அந்தப் புகைக்கு வருகிறேன் ஐயா. 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறை நகரம், ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் கிடந்த மாக்கட்டியை, சிங்களவருக்குப் பிள்ளை பிறக்காமல் செய்யப் போட்ட மலட்டு மாத்திரை என்று ஒரு கும்பல் சொன்னது. கடையை அடித்தார்கள், பள்ளிவாசலை அடித்தார்கள். காசாளரை மடக்கி "ஓம்" சொல்லவைத்த வீடியோ போன் போனாகப் போனது. அவருக்குச் சிங்களமும் சரியாகத் தெரியாது. பிறகு அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தது: வெறும் மாச்சத்து. அறிக்கை வந்தபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. அன்றைக்கும் அந்த வீடியோவை அனுப்பியவர்கள் நெருப்பில்லாமல் புகையுமா என்றுதான் கேட்டிருப்பார்கள். அன்றைக்கு நீங்களும் நானும் அவர்களைத் திட்டினோம், ஞாபகம் இருக்கிறதா? நம்ம மொழியில் நம்ம குரலில் வந்தால் மட்டும் அது விழிப்புணர்வு ஆகிவிடுமா?

ஊசியே வேண்டாம் என்பவர்களோடு வாதாட எனக்கு இப்போது தெம்பில்லை. கேள்வி இருந்தால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போங்கள், பக்கவிளைவு என்ன என்று கேளுங்கள், சண்டை பிடித்தாவது கேளுங்கள். கை வலிக்குமா, காய்ச்சல் வருமா, எல்லாம் நியாயமான கேள்வி. ஒட்டுமா என்று மட்டும் அங்கே கேட்காதீர்கள். அதற்குக் குசினி போதும்.

வெள்ளிக்கிழமை மறித்து வைத்த பிள்ளைகளுக்காகத் திரும்ப வருவதாக அக்கா சொல்லியிருக்கிறார். கீழே என்ன வேண்டுமானாலும் எழுதுங்கள், பதில் சொல்கிறேன். அக்காவை இழுத்து ஏதாவது எழுதினால் அந்த நிமிடமே நட்பிலிருந்து தூக்குவேன். ஏற்கனவே சிலரைத் தூக்கியாச்சு, அதில் ஒருவர் சொந்த மச்சான். மாமி கோபித்தால் கோபிக்கட்டும்.