இளம் டென்னிஸ் வீரரை அவர் தோற்கும் ஆட்டத்தில் பாருங்கள்

2025 ஆஸ்திரேலிய ஓபனில், தகுதிச்சுற்றில் வென்று வந்த பதினெட்டு வயது பிரேசில் வீரர் ஜுவாவோ ஃபொன்சேகா, ஒன்பதாம் தரநிலையில் இருந்த ரஷ்யாவின் ஆண்ட்ரே ருப்லெவை முதல் சுற்றில் ஒரு செட்டையும் இழக்காமல் வீழ்த்தினார். அவருடைய ஃபோர்ஹேண்டின் வேகத்தைக் காட்டும் சிறு காணொளிகள் எங்கும் பரவின. அடுத்த சுற்றில் லொரென்ஸோ சொனேகோவிடம் ஐந்து செட்களில் அவர் தோற்ற ஆட்டத்தைப் பற்றி அந்த அளவுக்கு யாரும் பேசவில்லை. வளர்ந்துவரும் ஒரு வீரரை எடைபோட விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இத்தகைய ஆட்டத்தையே என்பது என் உறுதியான கருத்து.

சிறந்த நாளில் எல்லா இளம் வீரர்களும் அழகாகவே ஆடுகிறார்கள். எதிராளி விடாமல் பந்தைத் திருப்பி அனுப்பும்போதும், முதல் சர்வீஸ் கைகொடுக்காதபோதும், கால்கள் தளர்ந்த நான்காவது செட்டிலும் அவரிடம் மிஞ்சி நிற்பது எதுவோ, அதுதான் அவருடைய ஆட்டத்தின் அடித்தளம். ரோஜர் ஃபெடரர் 2024இல் டார்ட்மத் கல்லூரியில் ஆற்றிய உரையில், தாம் ஆடிய ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 விழுக்காட்டை வென்றபோதும், புள்ளிகளில் வென்றது 54 விழுக்காடு மட்டுமே என்று கூறினார். அத்தகைய மேதைக்கே புள்ளிகளில் இவ்வளவு சிறிய இடைவெளிதான் என்றால், எதிராளி தொடக்கூட முடியாத பத்து அடிகளை, அதாவது வின்னர்களை, தொகுத்த காணொளியிலிருந்து ஓர் இளைஞரின் எதிர்காலத்தை எப்படிக் கணிக்க முடியும்?

நான் முதலில் கவனிப்பது, முதல் சர்வீஸ் தவறினால் கிடைக்கும் மறுவாய்ப்பான இரண்டாவது சர்வீஸை. முதல் சர்வீஸ் உயரத்தாலும் தோள் வலுவாலும் பதின்ம வயதிலேயே அமைந்துவிடக்கூடும். இரண்டாவது சர்வீஸுக்குப் பந்தைச் சுழற்றும் திறனோடு துணிவும் தேவை. 30-30 என்ற சமநிலையிலும், இன்னொரு புள்ளி போனால் தம் சர்வீஸ் கேமையே இழக்கும் பிரேக் பாயிண்டிலும் அவர் பந்தைத் தூக்கிப்போடும் இடம் மாறுகிறதா, கை வேகம் குறைகிறதா, பந்து சர்வீஸ் கட்டத்தின் நடுவில் மெதுவாக விழுகிறதா என்று பாருங்கள். இரண்டு சர்வீஸும் தவறிப் புள்ளியை இழக்கும் டபுள் ஃபால்ட்டைவிட இந்தத் தயக்கமே எனக்குக் கவலை தருகிறது. ஏனெனில் டபுள் ஃபால்ட் புள்ளிவிவரத்தில் பதிவாகிறது; தயங்கிப் போட்ட சர்வீஸை எதிராளி அடித்து நொறுக்கினால் அது எதிராளியின் வின்னராகவே கணக்கில் சேர்கிறது.

அடுத்தது கால்கள். அரங்கில் அமர்ந்து பார்க்க வாய்த்தால், பந்து மறுபக்கம் இருக்கும்போதும் கண்ணை அந்த ஒரு வீரரிடமிருந்து எடுக்காதீர்கள். அடித்து முடித்ததும் எவ்வளவு விரைவில் சரியான இடத்துக்குத் திரும்புகிறார், எதிராளி அடிக்கும் கணத்தில் சிறு துள்ளலோடு தயாராகிறாரா, அகலமாக வந்த பந்தை எட்டிய பின் உடலின் சமநிலை எவ்வளவு மீள்கிறது என்பவற்றைத் தொலைக்காட்சியில் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. பின்புறத்தின் உயரத்திலிருந்து காட்டும் கேமரா பந்தின் வேகத்தையும் எழும்பலையும் தட்டையாக்கிவிடுகிறது. மாறாக, புள்ளிகளுக்கு இடையில் மறுஒளிபரப்பு காட்டாமல் ஒரே கேமராவில் எடுக்கப்படும், முதன்மைச் சுற்றுக்கு ஒரு படி கீழான சேலஞ்சர் போட்டிகளின் நேரலை எனக்குப் பிடிக்கும். ஒரு புள்ளியை இழந்தபின் வீரர் என்ன செய்கிறார் என்பது அதில் முழுதாகத் தெரிகிறது.

ஜூனியர் பட்டங்களுக்கு நான் அதிக மதிப்புக் கொடுப்பதில்லை. ஃபெடரர் 1998இல் ஜூனியர் விம்பிள்டனை வென்றவர்தான். எனினும் விம்பிள்டன் பட்டம் அவர் கைக்கு வர 2003 வரை ஆனது. இடைப்பட்ட ஆண்டுகளில் ஒருவர் எதைத் திருத்திக்கொள்கிறார் என்பதே முக்கியம்.

ஆகவே ஒரே ஆட்டத்தை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. களிமண் தளத்தில் ஒன்றும் கடினத் தளத்தில் ஒன்றுமாவது பார்த்துவிட்டு, சில மாதங்கள் கழித்து அதே குறை இன்னும் இருக்கிறதா என்று மறுபடி பார்க்க வேண்டும். இத்தாலிய வீரர் யானிக் சின்னர் 2022இல், ஏற்கெனவே உலகின் முதல் பத்து இடங்களைத் தொட்டிருந்த நிலையில், தம்மை வளர்த்த பயிற்சியாளரை விட்டுப் புதிய குழுவுடன் இணைந்து சர்வீஸைத் திருத்தியமைத்தார். 2024இல் ஆஸ்திரேலிய ஓபனை வென்றார். அவருடைய ஃபோர்ஹேண்டின் வேகத்தைப் பதின்ம வயதிலேயே எல்லோரும் கண்டுவிட்டார்கள். சர்வீஸில் நிகழ்ந்த மாற்றத்தைக் கண்டவர்கள், இடைப்பட்ட காலத்தில் அவர் தோற்ற ஆட்டங்களையும் பொறுமையாகப் பார்த்தவர்கள்தான்.