காகிதம் வைத்திருப்பவர்தான் நிரூபிக்க வேண்டும்

ஏஜென்ட் ஆரஞ்சு என்றதும் எல்லோருக்கும் வியட்நாம்தான் நினைவுக்கு வரும். காட்டை மொட்டையடித்து எதிரியின் மறைவிடத்தை இல்லாமல் ஆக்க அமெரிக்க ராணுவம் விமானத்திலிருந்து தெளித்த களைக்கொல்லி, அந்த ஊர்க் குழந்தைகளின் படங்கள், வழக்குகள், இதெல்லாம் ஓரளவு தெரிந்த கதை. தெளித்தது போக மிச்சம் இருந்ததே, அது எங்கே போனது, அதற்குப் பக்கத்தில் வாழ்ந்தவர்கள் என்ன ஆனார்கள்? இதை எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

1972ல் வியட்நாமில் மிஞ்சிய சரக்கு, ஏறக்குறைய 25,000 டிரம், கப்பலில் ஏற்றி ஜான்ஸ்டன் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டது. பசிபிக் கடலின் நடுவில், ஹொனலூலுவிலிருந்து 1,300 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிற பவளத்தீவு அது. கடலைத் தூர்த்துப் பெரிதாக்கியும் நீளம் 3 கிலோமீட்டர் சொச்சம்தான், அகலம் ஒரு கிலோமீட்டர்கூட வராது. அதிலும் நடுவில் பெரிய ஓடுபாதை. யார் கண்ணிலும் படாத இடம் என்பதால் வேறெங்கும் வைக்க முடியாததையெல்லாம் அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். 1962ல் அணு ஆயுதச் சோதனைக்கு நிறுத்திய ராக்கெட் ஏவுமேடையிலேயே எரிந்து சிதறி, சுற்றிலும் புளூட்டோனியம் கலந்தது. 1971ல் ஒகினாவாவிலிருந்த நரம்புவாயு ஆயுதங்களும் மஸ்டர்டு வாயு ஆயுதங்களும் வந்து இறங்கின. அடுத்த வருடம் இந்த டிரம்கள்.

இரும்பு டிரம். ஒவ்வொன்றும் 200 லிட்டருக்குக் கொஞ்சம் மேலே கொள்ளும். மூன்றடுக்காக, வரிசை வரிசையாக, வெட்டவெளியில் அடுக்கி வைத்தார்கள். இரவும் பகலும் உப்புக்காற்று. கடலோரத்தில் வீட்டுக்கு இரும்புக் கேட் போட்டவர்களைக் கேட்டால் தெரியும், அது எத்தனை வருடம் தாங்கும் என்று. டிரம்கள் துருப்பிடித்துப் பொத்துக்கொண்டன, ஒழுகின. வரிசைகளுக்கு நடுவே நடந்து ஒழுகுவதைத் தேடிப்பிடித்து, உள்ளே இருப்பதைப் புது டிரம்முக்கு மாற்றுவதே அங்கே அன்றாட வேலையாக இருந்தது. 1977ல் வல்கனஸ் என்ற கப்பலைக் கொண்டுவந்து நடுக்கடலில் வைத்து எல்லாவற்றையும் எரித்தார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொரு டிரம்மையும் திறந்து காலிசெய்து, டீசல் ஊற்றி அலசி, நசுக்கினார்கள். ஆயிரக்கணக்கான டிரம்களை மனிதர்கள் நின்று செய்த வேலை இது.

அந்த டிரம்முக்குள் இருந்தது 2,4-டி, 2,4,5-டி என்ற இரண்டு களைக்கொல்லிகளின் சரிபாதிக் கலவை. இதில் 2,4,5-டி தயாரிக்கும்போது டிசிடிடி என்கிற டையாக்சின் கூடவே உண்டாகிவிடும். 1997ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் இதை மனிதருக்குப் புற்றுநோய் தரும் பொருள் என்று முதல் பிரிவில் சேர்த்தது. உடம்புக்குள் போனால் கொழுப்பில் தங்கிவிடும். பாதி வெளியேறவே 7, 8 வருடம் ஆகும். அதனால் 20 வயதில் பட்டுக்கொண்டவர் 65 வயதில் ரத்தப் பரிசோதனை செய்து பார்த்தால் பெரும்பாலும் எதுவும் தெரியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

சரி, அந்தத் தீவில் இருந்தது யார்? விமானப்படைக்காரர்கள், ஆயுதக் கிடங்குக்குக் காவல் நின்ற ராணுவத்தினர், பக்கத்துத் திட்டில் வழிகாட்டி நிலையம் நடத்திய கடலோரக் காவல்படையினர், ஒப்பந்த நிறுவனங்களின் ஊழியர்கள். பெரும்பாலும் இளவயதுப் பிள்ளைகள். வேலை முடிந்தால் அதே தீவில் சாப்பாடு, அதே தீவில் தூக்கம். விடுமுறை நாளில் மீன் பிடிப்பதும் அதே கடலில்தான். பல வருடம் கழித்து அவர்களுக்குச் சர்க்கரை நோய், புராஸ்டேட் புற்றுநோய், இதய நோய், பார்க்கின்சன் என்று வந்தபோது முன்னாள் படைவீரர் நலத்துறையின் கதவைத் தட்டினார்கள். வியட்நாம் மண்ணில் கால் வைத்தவருக்கு இந்த நோய்கள் வந்தால் பணியால் வந்தது என்றே எடுத்துக்கொள்வார்கள், 1991ல் வந்த சட்டம் அப்படி. ஜான்ஸ்டன்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. மருந்து உங்கள் மேல் பட்டது என்று நீங்கள் நிரூபியுங்கள் என்றார்கள்.

அந்தத் துறை அப்போது சொன்ன காரணங்களைப் படித்தபோது எனக்குக் கொதித்தது. டிரம்களைக் கையாண்டது ஒப்பந்தக்காரர்கள், படைவீரர்கள் இல்லையாம். கிடங்குக்கு வேலி போட்டிருந்ததாம். தரை இறுகிய பவளப்பாறையாம், ஒழுகிய மருந்து பவளத்தோடு ஒட்டிக்கொள்ளுமாம், அதனால் காற்றில் கலக்க வாய்ப்பு குறைவாம். 1974ல் எடுத்த மண் மாதிரிகளில் கிடங்குக்கு வெளியே, டிரம் மாற்றிய இடத்தை ஒட்டிய பகுதி தவிர வேறெங்கும் மருந்து தென்படவில்லையாம். இருக்கட்டும். ஒரு கிலோமீட்டர் அகலம்கூட இல்லாத தீவில் வேலி எதைத் தடுக்கும்? அந்த டிரம்களுக்குப் பக்கத்தில் நடந்தவனின் பூட்ஸ், துணி, அதைத் துவைத்தவன், அந்த வண்டியை ரிப்பேர் செய்தவன், இவர்களைப் பற்றி அந்த மண் மாதிரி என்ன சொல்லும்?

இதே வாதத்தை வேறொரு இடத்திலும் வைத்தார்கள். வியட்நாமில் மருந்து தெளித்த சி-123 விமானங்கள் ஊர் திரும்பி, ரிசர்வ் படையினரின் பயிற்சிக்குக் கொடுக்கப்பட்டன. சுமார் பத்து வருடம் அவற்றில் பறந்தவர்கள், நோயாளிகளைத் தூக்கும் பயிற்சி எடுத்த செவிலியர்கள், பழுது பார்த்த மெக்கானிக்குகள் பின்னாளில் கேட்டபோது வந்த பதில், காய்ந்து உலோகத்தில் ஒட்டிய டையாக்சின் உடம்புக்குள் போகாது என்பது. 2015 ஜனவரியில் அமெரிக்க அரசுக்கு மருத்துவ ஆலோசனை சொல்லும் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் அறிக்கை அதை ஏற்கவில்லை, உடம்புக்குள் போயிருக்க வாய்ப்பு உண்டு என்றது. அந்த வருடம் ஜூனில் இவர்களுக்கும் நிவாரணம் கிடைக்கும்படி விதி மாறியது. அங்கே உலோகத்தில் ஒட்டிக்கொண்டது, இங்கே பவளத்தில் ஒட்டிக்கொண்டது. மனிதன் மேல் மட்டும் ஒட்டாத விஷம்.

வியட்நாம் போரின்போது தாய்லாந்தில் இருந்த அமெரிக்கத் தளங்களில் இன்னொரு விதம். அங்கே தளத்தைச் சுற்றியிருந்த வேலியோரம் களைக்கொல்லி அடித்தது பல வருடம் கழித்து ரகசியம் நீக்கிய ஒரு ராணுவ அறிக்கையில் இருந்தது. அதை வைத்து, வேலியோரம் காவல் நின்றவர், நாய் வைத்து ரோந்து போனவர் என்று வேலையைப் பார்த்து ஒப்புக்கொண்டார்கள். வேலியை ஒட்டிய குடியிருப்பில் தூங்கிய சமையல்காரர்? அவர் தன் கட்டிலுக்கும் வேலிக்கும் எத்தனை அடி என்று காட்ட வேண்டியிருந்தது. நாற்பது வருடம் கழித்து!

பசிபிக்கில் அமெரிக்க ராணுவத் தளங்கள் உள்ள குவாம் தீவில் வேறொரு சிக்கல். அங்கே ஏஜென்ட் ஆரஞ்சு இருந்ததே இல்லை என்று சொல்லிவந்தார்கள். 2018ல் அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு ஆராய்ந்தபோது, அந்தச் சரக்கோடு சம்பந்தப்பட்ட ஒரு கப்பலாவது குவாமில் நின்றது தெரிந்தது. தளத்தில் அடித்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் 2,4,5-டி உள்ள கடைச்சரக்குக் களைக்கொல்லிகள் அங்கே பயன்பட்டிருந்தன. பாதுகாப்புத் துறை வைத்திருந்த சோதனை, கிடங்கு இடங்களின் பட்டியலே முழுமையில்லை, பிழை இருக்கிறது என்றும் அதே தணிக்கை சொன்னது. இங்கேதான் கேட்கிறேன். போருக்கு வாங்கிய மருந்து என்றால் நிவாரணம் உண்டு, புல் அடிக்க வாங்கிய மருந்து என்றால் கிடையாது என்று பிரிப்பதில் என்ன நியாயம்? 2,4,5-டியோடு டையாக்சினும் சேர்ந்துதானே வரும்? முதுகில் டேங்க் கட்டி அடித்தவனின் ஈரலுக்கு அது எந்த பில்லில் வாங்கியது என்று தெரியுமா?

நம் வயல்களில் இன்றும் 2,4-டி அடிக்கிறோம் என்பதால் இதைப் படிக்கிற சிலர் பயப்படலாம். டையாக்சின் பிரச்சினை முக்கியமாக அந்த மற்ற பாதி, 2,4,5-டி தயாரிப்போடு வந்தது. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் கையுறை இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, காற்று எதிரே அடிக்கும்போது மருந்தடிப்பது எந்தக் களைக்கொல்லிக்கும் சரியில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இப்போது ஒரு நியாயமான எதிர்க்கேள்வி. சர்க்கரை, இதய நோய், புராஸ்டேட் புற்றுநோய் எல்லாம் எழுபது வயதில் யாருக்கும் வரும்தானே, எந்தத் தீவுக்கும் போகாதவருக்கும் வருகிறதே, அரசு எல்லோருக்கும் பணம் கொடுக்க முடியுமா? உண்மைதான். ஒரு தனி மனிதனின் நோய் எதனால் வந்தது என்று எந்த மருத்துவராலும் அடித்துச் சொல்ல முடியாது. நான் சொல்வதும் அதைத்தான். யாராலும் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லிக்காட்டு என்று நோயாளியிடம் கேட்பது எப்படி நியாயம்? எந்த டிரம் எங்கே நின்றது, எந்த நாளில் எது ஒழுகியது, யாருக்கு எங்கே டியூட்டி, எல்லாக் காகிதமும் ராணுவத்திடம். ரத்தத்தில் தடயம் கரைந்து போவது காலத்தால். அந்தக் காலத்தைக் கடத்தியது யார்?

எங்கள் வேலூர்ப் பக்கம் தெருவுக்கு நாலு வீடு பட்டாளத்து வீடு. என் பெரியப்பாவும் ராணுவத்தில் இருந்தவர். டிரங்க் பெட்டியில் டிஸ்சார்ஜ் புக்கும், மருத்துவக் குழுவின் தாள்களும், மடிப்பில் கிழியாமல் இருக்க செலோடேப் ஒட்டி பிளாஸ்டிக் கவரில் வைத்திருப்பார். நோய் "பணியால் வந்ததும் இல்லை, பணியால் அதிகமானதும் இல்லை" என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரிதான் ஊனமுற்றோர் ஓய்வூதியம் கிடைக்காமல் செய்தது. அவர் கதை விஷமருந்து கதை இல்லை, மலை உச்சிக் குளிரில் வந்த நோய். ஆனால் சிக்கல் அதே சிக்கல். 2013ல் நம் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் வழக்கில் தெளிவாகச் சொன்னது: சேரும்போது நோய் இருந்ததாகக் குறிப்பு எதுவும் இல்லையென்றால் அவர் ஆரோக்கியமாகத்தான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும், நிரூபிக்கும் பொறுப்பு வீரருடையது அல்ல, சந்தேகத்தின் பலன் அவருக்கே. பெரியப்பா போன்றவர்களுக்கு இந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய விஷயம் என்று பட்டாளத்துக் குடும்பங்களுக்குத்தான் தெரியும்.

அமெரிக்காவில் அதற்கு 2022 ஆகஸ்ட் 10 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று கையெழுத்தான பாக்ட் சட்டம் குவாம், அமெரிக்கச் சமோவா, தாய்லாந்துத் தளங்கள், ஜான்ஸ்டன் எல்லாவற்றையும், மருந்து மேலே பட்டதாகவே எடுத்துக்கொள்ளும் இடங்களின் பட்டியலில் சேர்த்தது. கட்டிலுக்கும் வேலிக்கும் அடி அளக்க வேண்டாம், அந்தக் காலத்தில் அங்கே இருந்தாய் என்றால் போதும். உயர் ரத்த அழுத்தமும் நோய்ப் பட்டியலில் வந்தது. நல்ல சட்டம், மறுக்கவில்லை. ஆனால் டிரம்கள் எரிந்து 45 வருடம் ஆகியிருந்தது. அதற்குள் எத்தனை பேர் மனு நிராகரிக்கப்பட்ட கடிதத்தோடு போய்ச் சேர்ந்தார்களோ. 2024 பிப்ரவரியில் அந்தத் துறை இன்னும் சில இடங்களைச் சேர்க்க முன்மொழிந்தது. அதில் 12 அமெரிக்க மாநிலங்களோடு கனடாவும் இந்தியாவும் இருக்கின்றன. இவ்வளவு காலம் கழித்துத்தான் பட்டியல் நீள்கிறது என்றால் மனு போட்டவர்கள் சொன்னது பொய்யில்லை என்றுதானே அர்த்தம்?

இன்னும் இரண்டு ஓட்டை இருக்கிறது. ஜான்ஸ்டனுக்குச் சட்டம் வைத்த காலக்கெடு 1972 ஜனவரி 1 முதல் 1977 செப்டம்பர் 30 வரை. டிரம்கள் போய்விட்டன, சரி. ஐந்து வருடம் ஒழுகி ஊறிய மண் போகவில்லையே? 2004ல் தளத்தை மூடும்வரை அங்கே ஆட்கள் இருந்தார்கள், 1990களில் ரசாயன ஆயுதங்களை எரித்த ஆலை அங்கேதான் ஓடியது. 1978ல் வந்து இறங்கியவர் இன்றும் பழையபடி தன் மேல் பட்டது என்று தானே நிரூபிக்க வேண்டும். இன்னொன்று, டிரம்களைத் தொட்டதே அவர்கள்தான் என்று சொல்லி வீரர்களின் மனுவைத் தள்ளினார்களே, அந்த ஒப்பந்தத் தொழிலாளர்கள். பாக்ட் சட்டம் படைவீரர்களுக்கானது, அவர்கள் அதில் வரமாட்டார்கள். அந்தத் தீவில் விஷத்தைக் கையாண்டவர்கள் என்று அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஒரே கூட்டத்துக்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை. காலக்கெடுவைத் தளம் மூடிய நாள்வரை நீட்ட வேண்டும், அந்தத் தொழிலாளர்களின் பெயர்ப் பட்டியலை ஒப்பந்த நிறுவனங்களிடமிருந்து வாங்கி அரசே அவர்களைத் தேடிப்போக வேண்டும். மிச்சம் இருப்பவர்களுக்கு இப்போது எழுபது, எண்பது வயது.